பருத்திக் காட்டருகே பெட்டி வைப்பவர்களுக்கு: மரபணு மாற்றுப் பயிர், தேன் விதிகள், ஆவணங்கள்

தேனீ வளர்ப்புப் பயிற்சிகளில் கூட்டம் பிரிப்பது, ராணியை அடையாளம் காண்பது, அடை கட்டும் சட்டங்களை மாற்றுவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். எடுத்த தேனை விற்கப் போகும்போது எதிர்ப்படும் கேள்விகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் வழியாக ஐரோப்பாவுக்குத் தேன் கொடுக்க முயன்றபோது எனக்கு வந்த படிவத்தில், தேனின் ஈரப்பதத்தைக் கேட்ட பகுதியைவிட மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றிய பகுதி நீளமாக இருந்தது. அதற்குப் பதில் எழுத வேளாண் அலுவலகம், உணவுப் பாதுகாப்பு அலுவலகம், ஆய்வகம் என்று அலைந்து சேர்த்த விவரங்களைப் புதிதாக வருபவர்களுக்காக வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெரம்பலூர், அரியலூர், சேலம், விருதுநகர், மதுரை போன்ற பருத்தி விளையும் மாவட்டங்களில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிக்கலை ஆய்வகத்தில் தீர்க்க முடியாது. பெட்டியை எங்கே வைக்கிறீர்கள், எதை எழுதி வைக்கிறீர்கள் என்ற இரண்டில்தான் முக்கால்வாசியும் முடிவாகிறது.

1. யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஊரிலும் கடைகளிலும் இணையத்திலும் விற்பவருக்கு ஒரு விதி, ஐரோப்பாவுக்கு அனுப்புபவருக்கு வேறு விதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையில்லாத சோதனைகளுக்குப் பணம் கட்டியவர்களையும், தேவையான சோதனையைச் செய்யாமல் சரக்கைத் தேக்கிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உள்நாட்டில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சட்டமும் விதிமுறைகளும் அனுமதித்தால் தவிர மரபணு மாற்று உணவைத் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. அதற்கான தனி விதிமுறைகளின் வரைவு 2021 நவம்பரிலும், திருத்திய வரைவு 2022 நவம்பரிலும் வெளியாயின. இவை தவிர, மரபணு மாற்று உணவு அடங்கிய பொட்டலத்தின் முகப்பில் மேற்பகுதியில் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்ற எடையளவுச் சட்ட விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2020 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிறப்பித்த உத்தரவு ஒன்று, 24 பயிர்களின் இறக்குமதிக்கு மரபணு மாற்றமற்றது என்ற சான்றிதழைக் கேட்கிறது. தற்செயலாகக் கலந்திருந்தால் ஒரு விழுக்காடு வரை பொறுத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் தேன் இல்லை. ஆகவே உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் விற்பவர்கள் மரபணுச் சோதனைக்காகச் செலவு செய்ய வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. அவர்கள் கவலைப்பட வேண்டியது ஈரப்பதம், சர்க்கரைக் கலப்பு, மருந்து எச்சம் ஆகியவற்றைப் பற்றித்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலை வேறு. ஜெர்மனியின் பவேரியாவில் ஆய்வுக்காகப் பயிரிட்ட மான் 810 என்ற மரபணு மாற்று மக்காச்சோளத்தின் மகரந்தம் தன் பெட்டிகளில் சேர்ந்ததால் வழக்குத் தொடுத்த கார்ல் ஹெய்ன்ஸ் பாப்லோக் என்ற தேனீ வளர்ப்பாளரின் வழக்கில், தேனிலுள்ள மகரந்தம் ஒரு சேர்மானப் பொருள் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2014இல் ஒன்றியம் தன் தேன் விதியைத் திருத்தி, மகரந்தம் தேனின் இயல்பான கூறு, சேர்மானம் ஆகாது என்று மாற்றியது. பழைய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுப் பயமுறுத்தும் கட்டுரைகள் இன்னும் சுற்றிவருவதால்தான் இதைச் சொல்கிறேன். இன்றைய நிலையை இரண்டு வரியில் சொல்லலாம். ஐரோப்பாவில் உணவுக்கு அனுமதி பெற்ற மரபணு வகையின் மகரந்தம் தேனில் இருந்தால், அறிவிப்பு எழுத வேண்டிய 0.9 விழுக்காட்டு வரம்பை மொத்தத் தேனோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள், தேனில் மகரந்தம் இயல்பாகவே மிகக் குறைவு என்பதால் அந்த வரம்பை எட்ட வாய்ப்பில்லை. அனுமதி பெறாத வகையின் மகரந்தமாக இருந்தால் எவ்வளவு சிறிய அளவானாலும் அந்தத் தேனை அங்கே விற்க முடியாது. இந்த இரண்டாவது வரிக்காகத்தான் வாங்குபவர் அத்தனை கேள்விகள் கேட்கிறார்.

2. உங்களைச் சுற்றி உள்ள பயிர்களில் எது மரபணு மாற்றுப் பயிர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் விவசாயிகள் பயிரிட அனுமதி பெற்றுப் பரவலாக விளையும் மரபணு மாற்றுப் பயிர், காய்ப்புழுவைத் தாங்கும் பி.டி. பருத்தி ஒன்றுதான். 2002 முதல் அது வயலில் இருக்கிறது. பி.டி. கத்தரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. வீரிய ஒட்டு மக்காச்சோளம், வீரிய ஒட்டுத் தக்காளி, வீரிய ஒட்டுச் சூரியகாந்தி எதுவும் மரபணு மாற்றுப் பயிர் அல்ல. கடையில் விலை உயர்ந்த விதையெல்லாம் 'ஜி.எம். விதை' என்று பேச்சுவழக்கில் சொல்லிக் கேட்டு, அதை அப்படியே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். எழுத்தில் போன பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

கடுகு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கடுகுத் தேன் எடுப்பவர் அரிது. ஆனால் பெட்டித் தேன் பற்றாக்குறையாகும் மாதங்களில் ராஜஸ்தான் பக்கத்துக் கடுகுத் தேனை டின் கணக்கில் வாங்கிக் கலப்பவர்கள் உண்டு. டி.எம்.எச். 11 என்ற மரபணு மாற்றுக் கடுகை வெளியிட 2022 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்து, அரசும் நிபந்தனையோடு அனுமதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 2024 ஜூலை 23 அன்று இரு நீதிபதிகளும் வேறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். வடநாட்டுத் தேனீ வளர்ப்பாளர்கள் அந்தக் கடுகை எதிர்த்ததற்கு முதன்மையான காரணம், கடுகு அவர்களுடைய பெரிய பருவம் என்பதும், 'மரபணு மாற்றமற்ற தேன்' என்ற பெயர் ஏற்றுமதியில் போய்விடும் என்பதும்தான். நீங்கள் வெளித்தேன் வாங்கிக் கலப்பவராக இருந்தால், அந்த வழக்கின் போக்கை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

பருத்தியிலும் ஒரு பொறி இருக்கிறது. களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை அரசு அனுமதி இல்லாமலேயே நாட்டின் பல பகுதிகளில் விற்பனையாகிறது. பக்கத்து வயலுக்காரர் "பி.டி.தான் போட்டிருக்கிறேன்" என்று சொல்வது உண்மையாகவே இருந்தாலும், பையில் இருந்தது எது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். இதற்கு நடைமுறைத் தீர்வு ஒன்றுதான்: விதைப் பையின் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. மூன்று கிலோமீட்டர் வட்டத்தை வரையுங்கள்

இத்தாலியத் தேனீ சாதாரணமாக ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை போய்வரும், தீனி கிடைக்காத காலத்தில் அதற்கு மேலும் போகும். அடுக்குத் தேனீ என்று நாம் சொல்லும் இந்தியத் தேனீ அவ்வளவு தூரம் போவதில்லை. இயற்கைவழிச் சான்றிதழுக்கு ஐரோப்பிய விதி பெட்டிகளைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டத்தைத்தான் கேட்கிறது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் மதுரமும் (செடி சுரக்கும் இனிப்பு நீர்) மகரந்தமும் பெரும்பாலும் இயற்கைவழிப் பயிர்களிலிருந்தோ, தானாக வளர்ந்த செடிகொடிகளிலிருந்தோ, குறைந்த அளவே சூழலைப் பாதிக்கும் முறையில் விளைந்த பயிர்களிலிருந்தோ வர வேண்டும். சான்றிதழ் வேண்டாம் என்பவரும் இதே அளவை எடுத்துக்கொள்வது வசதி, ஏனென்றால் வாங்குபவரின் படிவமும் பெரும்பாலும் இதைத்தான் கேட்கும்.

கைப்பேசியின் செயற்கைக்கோள் வரைபடத்தில் பெட்டி வைத்த இடத்தைக் குறித்து வட்டம் போட்டு, அதை அச்செடுத்து, வயல் வயலாக நடந்து பயிரை எழுதுங்கள். மூன்று கிலோமீட்டர் வட்டம் என்றால் ஏறத்தாழ 28 சதுர கிலோமீட்டர். முழுவதையும் நடக்க முடியாது. பெட்டியிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டரை முழுமையாகவும், மீதியைச் சாலையோரம் வண்டியில் போயும் பார்த்தால் போதும். ஒருமுறை பார்த்து முடித்துவிடவும் கூடாது. தமிழ்நாட்டில் பருத்தி ஒரே பருவத்தில் வருவதில்லை. இறவைப் பருத்தி ஆகஸ்ட், செப்டம்பரிலும், மானாவாரி அதன் பிறகு மழையைப் பார்த்தும், நெல் தரிசுப் பருத்தி ஜனவரி, பிப்ரவரியிலும், கோடை இறவைப் பருத்தி பிப்ரவரி, மார்ச்சிலும் விதைக்கப்படுகின்றன. விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கி, அதன் பிறகு பல வாரங்களுக்குப் பூ நிற்காது. இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தால், எந்த மாதத்தில் எடுக்கும் தேனில் பருத்தியின் பங்கு இருக்கும், எதில் இருக்காது என்பதை ஆய்வகத்துக்குப் போகாமலேயே ஊகித்துவிடலாம்.

பருத்தியின் மதுரம் பூவிலிருந்து மட்டும் வருவதில்லை. இலையின் அடிப்பக்க நடுநரம்பிலும் பூவின் அடியிலும் மதுரச் சுரப்பிகள் உண்டு. அங்கிருந்து எடுக்கும்போது தேனீ மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. பருத்தியின் மகரந்தம் பெரியது, முள்போன்ற புறத்தோடு ஒட்டும் தன்மை கொண்டது, தேனீக்கள் அதை விரும்பிச் சேர்ப்பதில்லை. அதனால் பருத்திக் காட்டுத் தேனில் பருத்தி மகரந்தம் நாம் பயப்படும் அளவுக்கு இருப்பதில்லை. இருக்கவே இருக்காது என்று எழுதிக்கொடுக்கவும் முடியாது.

கன்னியாகுமரிப் பக்கம் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி கிட்டத்தட்டத் தேவையில்லை. அங்கே தேனின் பெரும்பகுதி ரப்பர் மரத்தின் தளிர் இலைக்காம்பில் சுரக்கும் மதுரத்திலிருந்து கிடைக்கிறது. அவர்களுடைய தலைவலி மகரந்தம் குறைவாக இருப்பதும் ஈரம் கூடுதலாக இருப்பதும்தான்.

4. பருத்தியின் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பி.டி. பருத்தியின் புரதம் காய்ப்புழு வகைகளின் குடலில் வேலை செய்வது. தேனீக்களுக்கு அந்தப் புரதத்தை ஊட்டிப் பார்த்த 25 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வு, தேனீக்களின் உயிர்வாழ்வில் பாதிப்பு தெரியவில்லை என்றுதான் முடித்தது. பெட்டிக்கு முன்னால் செத்துக் கிடக்கும் தேனீக்களைப் பார்த்தவுடன் 'ஜி.எம். பருத்திதான் காரணம்' என்று முடிவுகட்டினால், உண்மையான காரணம் தப்பித்துவிடும்.

காய்ப்புழுவுக்கு மருந்து குறைந்தாலும், அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு பி.டி. ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளை விதைநேர்த்தியாகவும் தெளிப்பாகவும் கொடுக்கிறார்கள். பெட்டியைச் சாய்ப்பது இதுதான். ஏற்றுமதிச் சரக்கைத் திருப்பி அனுப்பவைப்பதிலும் மகரந்தத்தைவிட மருந்து எச்சத்துக்கே பங்கு அதிகம். களைக்கொல்லி தாங்கும் பருத்தி அருகில் இருந்தால் கிளைபோசேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேனில் அதற்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் மனிதர்களோடு பழக வேண்டும். பூக்கும் காலம் தொடங்குவதற்கு முன்பே சுற்றியுள்ள வயல்காரர்களிடம் போய், மருந்தடிக்கும் நாளை முந்தைய நாள் சொல்லும்படியும், முடிந்தால் தேனீக்கள் வீடு திரும்பிய பின் மாலையில் அடிக்கும்படியும் கேளுங்கள். தெளிப்புக் கூலிக்காரரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்வது வயல்காரரின் எண்ணைவிடப் பயன்படும், அடிப்பவர் அவர்தான். ஒரு பாட்டில் தேனைக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த முறை அவர்களே அழைப்பார்கள். மருந்தடித்த நாள், மருந்தின் பெயர், வயலின் திசை ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள்.

5. தொகுதி வாரியாகப் பதிவேடு தொடங்குங்கள்

நோட்டுப் புத்தகமே போதும். ஒவ்வொரு முறை தேன் எடுக்கும்போதும் ஒரு தொகுதி எண் கொடுத்து, எந்த இடத்தில், எத்தனை பெட்டிகளில், எந்தத் தேதியில், எத்தனை கிலோ, அப்போது வட்டத்துக்குள் பூத்திருந்தது என்ன என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். பெட்டிகளை இடம் மாற்றினால் ஏற்றிய தேதியும் இறக்கிய தேதியும் வேண்டும். சூரியகாந்திக்கோ முருங்கைக்கோ பெட்டியை ஏற்றிப்போகிறவர்கள், புறப்படுவதற்கு முன் தேன் அறையைக் காலி செய்துவிடுவது நல்லது. அப்படிச் செய்யாவிட்டால் இரண்டு இடத்துத் தேனும் ஒரே அடையில் கலந்து, இரண்டுக்கும் கணக்குச் சொல்ல முடியாமல் போகும்.

தீவனத்தையும் அதே ஏட்டில் எழுதுங்கள். பஞ்ச காலத்தில் கொடுக்கும் சர்க்கரைப்பாகு இந்தக் கேள்வியில் சிக்கலில்லை. மகரந்தத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் சோயா மாவுதான் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் விளையும் சோயா மரபணு மாற்றுப் பயிர் அல்ல என்றாலும், 2021இல் கோழித் தீவனத்துக்காக மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. தீவனக் கடையில் மூட்டை பிரித்து அளந்து தரும் மாவின் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. சோயா மாவு கொடுத்த பெட்டியிலிருந்து எடுத்த தேனில் சோயாவின் மரபுப்பொருள் (டி.என்.ஏ.) தெரிந்துவிட்டால், அது பூவிலிருந்து வந்ததா மாவிலிருந்து வந்ததா என்று சோதனை சொல்லாது. தேன் வரத்துத் தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே மாவை நிறுத்திவிட்டு, நிறுத்திய தேதியை எழுதுங்கள். பொட்டலத்தில் வரும் மாவாக இருந்தால் உறையைப் பத்திரப்படுத்துங்கள்.

தேசியத் தேனீ வாரியத்தின் மதுகிராந்தி இணையத் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2021 ஏப்ரலில் தொடங்கிய இந்தப் பதிவு, தேனின் மூலத்தைக் கண்டறிவதற்காகவே ஏற்பட்டது. ஏற்றுமதியாளர்களும் மானியத் திட்டங்களும் இந்தப் பதிவு எண்ணைக் கேட்கிறார்கள். ஆதார், புகைப்படம், பெட்டிகளின் படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

6. மகரந்தத்தை வடிகட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்

இந்த யோசனையைக் கொடுக்கும் 'ஆலோசகர்கள்' இருக்கிறார்கள். மகரந்தம்தானே பிரச்சினை, நுண்வடிகட்டியில் விட்டு எடுத்துவிட்டால் மரபணுவும் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. இந்தியத் தேன் தரத்தின்படி ஒரு கிராம் தேனில் குறைந்தது 5,000 மகரந்த, தாவரத் துகள்கள் இருக்க வேண்டும். அதை நீக்கிய தேன் உள்நாட்டிலேயே தேறாது. ஐரோப்பாவிலும் 2024ஆம் ஆண்டின் திருத்தத்தில் 'வடிகட்டிய தேன்' என்ற தனி வகையையே எடுத்துவிட்டார்கள். வலையிலோ துணியிலோ வடித்து மெழுகையும் தேனீச் சிறகையும் நீக்குவது வேறு, அதில் தவறில்லை.

மகரந்தம் தாராளமாகச் சேர்வது பெரும்பாலும் பிழியும் முறையால்தான். புழு அறையிலுள்ள அடையையும் சேர்த்துப் பிழிந்தால் அங்கே சேமித்த மகரந்தமெல்லாம் தேனில் இறங்கும். மேல் அறையில், மூடிய அடையை மட்டும் தேன் எடுக்கும் கருவியில் சுழற்றி எடுங்கள். ஈரப்பதமும் 20 விழுக்காட்டுக்குள் நிற்க இதுவே வழி.

7. சோதனைக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வாங்குபவர் எழுத்தில் கேட்டால் மட்டும் சோதனைக்குப் போங்கள். போகும்போது 'ஜி.எம்.ஓ. சோதனை' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவர் எந்தச் சோதனையை, எந்தக் கண்டறியும் வரம்போடு, எந்த அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேட்கிறார் என்பதை மின்னஞ்சலில் வாங்கி, அதையே ஆய்வகத்துக்கு அனுப்பி விலைப்புள்ளி கேளுங்கள். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. அந்த அங்கீகாரத்தின் வரம்பில் தேனும் இந்தச் சோதனையும் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே சோதனைக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் கட்டணம் பெரிதாக மாறுவதால், குறைந்தது மூன்று இடங்களில் கேளுங்கள்.

முதற்கட்டச் சோதனை, தேனைச் சுழற்றிப் படியவைத்த மகரந்தத்திலிருந்து மரபுப்பொருளைப் பிரித்து, பல மரபணு மாற்றுப் பயிர்களில் பொதுவாகப் பயன்படும் 35எஸ், நாஸ் என்ற இரண்டு துண்டுகள் இருக்கின்றனவா என்று, மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறையில் பார்ப்பது. இதில் வரும் 'உண்டு' என்ற முடிவைப் பார்த்துப் பதற வேண்டாம். 35எஸ் துண்டு, காலிஃப்ளவர் மொசைக் வைரஸ் என்ற தாவர வைரஸிலிருந்து எடுத்தது. கடுகு, முட்டைக்கோசு குடும்பத்துச் செடிகளை அந்த வைரஸ் இயல்பாகவே தாக்கும். நாஸ் துண்டின் மூலமும் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. ஆகவே முதற்கட்டத்தில் 'உண்டு' என்று வந்தால், குறிப்பிட்ட பருத்தி வகையைத் தேடும் இரண்டாம்கட்டச் சோதனையைக் கேட்பது உங்கள் உரிமை. அந்த வகை ஐரோப்பாவில் அனுமதி பெற்றதா என்பதை ஒன்றியத்தின் பொதுப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். பருத்தி என்று உறுதியாகி, வகையும் அனுமதிப் பட்டியலில் இருந்தால் சரக்கு போகும்.

அறிக்கையில் வரும் விழுக்காட்டையும் சரியாகப் படிக்க வேண்டும். அது அந்தப் பயிரின் மொத்த மரபுப்பொருளில் மாற்றப்பட்டது எவ்வளவு என்பதைக் குறிக்கும், தேனில் எவ்வளவு என்பதைக் குறிக்காது. பவேரிய வழக்கில் பேசப்பட்ட 4.1 விழுக்காடு என்பதுகூட மகரந்தத்திலிருந்த மக்காச்சோள மரபுப்பொருளில் மான் 810இன் பங்குதான். நம் ஊரில் ஏறத்தாழ எல்லாப் பருத்தியும் பி.டி. என்பதால், தேனில் பருத்தி மகரந்தம் பத்தே துகள் இருந்தாலும் இந்த எண் 100க்கு அருகே வரக்கூடும். வாங்குபவரின் தர அலுவலரே இதைத் தவறாகப் படித்து, சரக்கை நிறுத்திவைக்கச் சொன்ன அனுபவம் எனக்கு உண்டு. அறிக்கையோடு மகரந்தப் பகுப்பாய்வையும் சேர்த்து அனுப்பினால், மொத்த மகரந்தத்தில் பருத்தியின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்து பேச்சு எளிதாகும். அரைப் பக்கத்தில் முடியும் இந்தப் பகுப்பாய்வு, பத்து மின்னஞ்சல்களை மிச்சப்படுத்தும்.

மாதிரியை நீங்களே எடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரே நேரத்தில் மூன்று பாட்டில் நிரப்பி, அரக்கு வைத்து, ஒன்றை ஆய்வகத்துக்கும் ஒன்றை வாங்குபவருக்கும் அனுப்பி, மூன்றாவதை உங்களிடம் இருட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

8. உரிமம், சீட்டு, கட்டணம்

சீசாவில் அடைத்து விற்கத் தொடங்கும்போதே உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை பதிவும் அதற்கு மேல் உரிமமும் என்பதும், பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்பதும் நெடுநாள் நடைமுறை. இந்த வரம்புகள் திருத்தத்துக்கு உள்ளாவதால் ஆணையத்தின் இணையத் தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக் கட்டுங்கள். இடைத்தரகர்கள் இதே பதிவுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். புகைப்படமும் அடையாளச் சான்றும் இருந்தால் நீங்களே முடிக்கலாம். அடைத்துப் பெயரிட்ட தேனுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு.

சீட்டில் 'மரபணு மாற்றமற்ற தேன்' என்று அச்சடிக்கும் ஆசையை அடக்குங்கள். விளம்பரங்களிலும் சீட்டிலும் சொல்லும் எதையும் நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது என்பது 2018ஆம் ஆண்டின் விதி. பருத்தி மாவட்டத்தில் எடுத்த தேனுக்கு அந்த வாசகத்தைத் தொகுதி தோறும் நிரூபிப்பது, அந்தத் தேனின் லாபத்தையே தின்றுவிடும். 'முருங்கைத் தேன்', 'வேப்பம்பூத் தேன்' என்று பூவின் பெயரைப் போடுவதற்கும் மகரந்தப் பகுப்பாய்வின் துணை வேண்டும்.

9. ஏற்றுமதிக்கு எதை நீங்கள் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம்

நூறு, இருநூறு பெட்டி வைத்திருப்பவர் நேரடியாக ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது. 2024 நவம்பர் 29 முதல், ஒன்றியத்தின் பட்டியலில் உள்ள நிறுவனத்திலிருந்து வரும் தேனை மட்டுமே அங்கே ஏற்கிறார்கள். இந்தியாவில் அந்தப் பட்டியலுக்கு வழி ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலின் அங்கீகாரம். ஆகவே ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற பதப்படுத்தும் நிறுவனத்துக்குக் கொடுப்பதுதான் உங்கள் வழி. அப்படிக் கொடுக்க இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் வேண்டாம், வேளாண் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவின் பதிவும் வேண்டாம். முதல் வேலையாக 500 ரூபாய் கட்டிக் குறியீட்டு எண் வாங்கி, 5,000 ரூபாயும் வரியும் கட்டி அபெடாவில் சேர்ந்து, பிறகு ஒரு டின்கூட அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பலர். பிற்காலத்தில் சொந்தப் பெயரில் அனுப்பப் போகிறவர், வெளிநாட்டு வணிக இயக்ககம் அறிவிக்கும் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையையும் கவனிக்க வேண்டும். 2024 மார்ச்சில் அது டன்னுக்கு 2,000 டாலர் என்று வந்தது, பிறகும் மாறுவது. அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்கு 2020 ஆகஸ்ட் முதல், சர்க்கரைக் கலப்பைக் கண்டறியும் என்.எம்.ஆர். சோதனை கட்டாயம்.

2026 ஜூன் 14 முதல் ஐரோப்பாவில் கலவைத் தேனின் சீட்டில் எந்த நாட்டுத் தேன் எத்தனை விழுக்காடு என்று எழுத வேண்டும். இதனால் வாங்குபவர்கள் தொகுதிக் கணக்கை முன்னைவிடக் கறாராகக் கேட்பார்கள். ஐந்தாம் படியில் சொன்ன நோட்டுப் புத்தகம் இங்கேதான் பணமாகிறது.

பதப்படுத்துபவர் நீட்டும் உறுதிமொழிப் படிவத்தில், 'என் தேனில் மரபணு மாற்றுப் பொருள் எதுவும் இல்லை' என்ற வரி இருந்தால் அப்படியே கையெழுத்திடாதீர்கள். பருத்தி மாவட்டத்தில் அதற்கு உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. 'இந்தத் தேன் எடுத்த காலத்தில் பெட்டிகளைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் நான் பார்த்த பயிர்கள் இவை, பெட்டிகளுக்கு மரபணு மாற்றுத் தீவனம் தெரிந்து கொடுக்கவில்லை' என்று உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிக்கொடுங்கள். ஏற்க மறுக்கும் நிறுவனமும் உண்டு, திருத்தி ஏற்கும் நிறுவனமும் உண்டு. சரக்கு துறைமுகத்தில் நிராகரிக்கப்பட்டால் திரும்பக் கொண்டுவரும் கப்பல் செலவு யாருடையது, உங்கள் பணத்தைப் பிடிப்பதற்கு முன் மூன்றாவது பாட்டிலை வேறு ஆய்வகத்தில் சோதிக்க வாய்ப்பு உண்டா என்ற இரண்டு கேள்விக்கும் ஒப்பந்தத்தில் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு டின்களை ஏற்றுங்கள்.